செம்பாண்டாவின் செலவுக் கணக்கு

ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை உலக செம்பாண்டா நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2010-இல் தொடங்கிய வழக்கம் இது. அன்று ஒருநாள் அந்தச் சிறு விலங்கின் படங்கள் கைப்பேசிகளில் வலம் வரும். பள்ளிக் குழந்தைகள் வண்ணம் தீட்டுவார்கள். உயிரியல் பூங்காக்களில் கூட்டம் சற்றுக் கூடும். மறுநாள் அதை மறந்துவிடுவோம். இதில் குறை காண்பதற்கு ஏதுமில்லை. நாள்கள் இருப்பதே அதற்காகத்தான். ஆனால் அந்த விலங்கைக் காப்பதற்கு ஆகும் செலவை உண்மையில் யார் ஏற்கிறார் என்ற கேள்வி அந்த ஒருநாளிலும் எழுவதில்லை.

செம்பாண்டா வீட்டுப் பூனையைவிடச் சற்றே பெரியது. எடை 3 முதல் 6 கிலோ. செம்பழுப்பு நிற உடல், கருத்த வயிறும் கால்களும், வெள்ளை படர்ந்த முகம், வளையங்கள் கொண்ட அடர்ந்த வால். குளிர்காலத்தில் மரக்கிளையில் சுருண்டு, அந்த வாலையே போர்வையாக்கி உறங்கும். பாதங்களின் அடிப்பகுதியிலும் மயிர் உண்டு. நேபாளம், இந்தியா, பூடான், வட மியான்மர், தென்மேற்குச் சீனம் ஆகிய ஐந்து நாடுகளின் மலைக்காடுகளே அதன் உலகம். இந்தியாவில் சிக்கிம், மேற்கு வங்கத்தின் டார்ஜீலிங், காலிம்போங் மலைப்பகுதிகள், அருணாசலப் பிரதேசம் ஆகிய இடங்களில் வாழ்கிறது. சிக்கிமின் மாநில விலங்கும் இதுவே.

பாண்டா என்ற பெயருக்கு முதல் உரிமை இதற்குத்தான் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கருப்பு வெள்ளைப் பெரிய பாண்டாவை மேலைநாட்டு அறிவுலகம் அறிந்தது 1869-இல். செம்பாண்டாவுக்கோ 1825-லேயே பிரெஞ்சு விலங்கியலாளர் பிரெடெரிக் கூவியே அறிவியல் பெயர் சூட்டிவிட்டார். அதற்கும் முன்பாக, 1821-இல், தாமஸ் ஹார்ட்விக் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி இவ்விலங்கு குறித்த கட்டுரையை லண்டன் லின்னேயக் கழகத்தில் அளித்திருந்தார். கட்டுரை அச்சேறுவதற்கு 1827 ஆயிற்று. இடையில் கூவியே முந்திக்கொண்டார். கட்டுரையை வெளியிட ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அனுபவமுள்ள எந்தப் பேராசிரியரும் ஹார்ட்விக்கின் மீது இரக்கம் கொள்வார். பின்னால் வந்த பெரிய பாண்டா பெயரை எடுத்துக்கொண்டது; புகழையும், நிதியையும் அதுவே எடுத்துக்கொண்டது. உண்மையில் இரண்டும் நெருங்கிய உறவினர்கள் அல்ல. பெரிய பாண்டா கரடி இனம். செம்பாண்டா, ஐலூரிடே என்ற தனிக் குடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே கிளை.

அந்தக் கிளையும் இப்போது இரண்டாகப் பார்க்கப்படுகிறது. 2020-இல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வு, இமயமலைச் செம்பாண்டாவும் சீனச் செம்பாண்டாவும் தனித்தனி இனங்கள் என்று கூறியது. இமயமலை இனத்தில் மரபணுப் பன்மை குறைவு என்பதையும் அதே ஆய்வு சுட்டிக்காட்டியது. நமது பொறுப்பில் பெருமளவு இருப்பது இந்த நலிந்த இனம்தான்.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2015-இல் செம்பாண்டாவை 'அருகிவரும் இனம்' என்ற நிலைக்கு மாற்றியது. மூன்று தலைமுறைகளில், அதாவது சுமார் 18 ஆண்டுகளில், எண்ணிக்கை பாதியாகக் குறைந்திருக்கும் என்பது அதன் மதிப்பீடு. இனப்பெருக்க வயதுடையவை 10,000-க்கும் குறைவு. சட்டப் பாதுகாப்பில் குறை சொல்ல முடியாது. நமது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்கும் யானைக்கும் நிகராக, இது இடம்பெற்றுள்ளது. பன்னாட்டு வணிகத்தை முற்றிலும் தடுக்கும் உடன்படிக்கைப் பட்டியலிலும் 1995 முதல் உள்ளது. மத்திய அரசின் இன மீட்புத் திட்டத்தில் 2018-இல் சேர்க்கப்பட்டது. சட்டம் இவ்வளவு உறுதியாக இருந்தும் எண்ணிக்கை ஏன் சரிகிறது?

இதற்கான விடையைப் பொருளாதாரம் படித்தவர்கள் தேட வேண்டிய இடம் ஒரு பாலாடைக்கட்டித் தொழிற்கூடம். நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கில், 1950-களில் சுவிட்சர்லாந்தின் தொழில்நுட்ப உதவியோடு அது அமைக்கப்பட்டது. யாக் எருமைக்கும் பசுவுக்கும் பிறந்த 'சௌரி' எனும் கலப்பின மாடுகளின் பாலிலிருந்து அங்கே பாலாடைக்கட்டி தயாராகிறது. ஏழை மேய்ப்பர்களுக்கு ரொக்க வருமானம் கிடைத்தது. காத்மாண்டுவில் வாங்குவோர் இருந்தனர். மலையேறும் வெளிநாட்டுப் பயணிகள் விரும்பி உண்டனர். வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் தோற்றுப்போகும் நாடுகளில், இது வெற்றிக் கதை.

நேபாளத்தின் உயிரியலாளர் பிரலாத் யோன்சான், அமெரிக்கப் பேராசிரியர் மால்கம் ஹன்டருடன் இணைந்து, இந்த வெற்றியின் மறுபக்கத்தைக் கண்டறிந்தார். 1991-இல் வெளியான அவர்களது ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே பாலாடைக்கட்டியும் சுற்றுலாப் பயணிகளும் செம்பாண்டாவும் ஒன்றாக நின்றன. பாலுக்குத் தேவை பெருகியதால் மாடுகள் பெருகின. மாடுகள் மேய்ந்ததும், மேய்ப்பர்கள் தங்கியதும், ஊசியிலை மரங்களுக்கு அடியில் மூங்கில் அடர்ந்த அதே காடு. செம்பாண்டாவின் உணவில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் மூங்கில் இலையும் குருத்துமே. பால் காய்ச்ச விறகு தேவை. பட்டிகளுக்கும் குடில்களுக்கும் மரமும் மூங்கிலும் தேவை. மந்தைகளோடு நாய்களும் வந்தன.

இதில் காலக்கணக்கும் சேர்ந்துகொள்கிறது. செம்பாண்டா ஈனுவது பெரும்பாலும் ஜூன், ஜூலை மாதங்களில். ஒன்று அல்லது இரண்டு குட்டிகள், அரிதாக நான்கு. முதிர்ந்த மரப்பொந்தில் அவற்றைச் சுமார் மூன்று மாதம் வைத்துத் தாய் வளர்க்கிறது. மழைக்காலத்தில் மந்தைகள் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறுவதும் அதே மாதங்களில்தான். ஆள் நடமாட்டமும் நாய்க் குரைப்பும் அருகே கேட்டால், தாய் குட்டிகளை ஒரு பொந்திலிருந்து மற்றொன்றுக்குத் தூக்கிக்கொண்டு அலைகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, அதுவும் ஓரிரு குட்டிகளை மட்டுமே ஈனும் ஓர் இனத்தில், குட்டிகளின் இறப்பு விகிதம் சிறிதளவு கூடினாலும் மொத்தக் கணக்கும் சரிந்துவிடும்.

பொருளியலில் இதற்குப் 'புறவிளைவு' என்று பெயர். ஒரு பொருளின் விலையில் அதை உற்பத்தி செய்வதால் மூன்றாம் தரப்புக்கு நேரும் இழப்பு சேர்வதில்லை என்பதே அதன் சாரம். வகுப்பறையில் பல்லாண்டு காலம் ஆலைப் புகையையும் சாயக் கழிவையும் எடுத்துக்காட்டாகச் சொல்லியே இதை நடத்தியிருக்கிறேன். லாங்டாங்கின் பாலாடைக்கட்டி அவற்றைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏனெனில் இங்கே கொடியவர் எவருமில்லை. மேய்ப்பர் பிழைப்புக்காக மாடு வளர்க்கிறார். தொழிற்கூடம் நியாயமான விலை தருகிறது. இயற்கையை நேசித்து மலையேறி வந்த பயணி, உள்ளூர்ப் பொருளை வாங்கி ஊருக்கு உதவுவதாக மனநிறைவு கொள்கிறார். அத்தனை நல்லெண்ணங்களுக்கும் இடையே மூங்கில் குறைகிறது. யோன்சான் 2011-இல் காத்மாண்டு சாலையில் மிதிவண்டியில் செல்லும்போது சரக்குந்து மோதி மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வி, கிழக்கு இமயமலையில் மேய்ச்சல் நடக்கும் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் இன்றும் பொருந்துகிறது.

வேட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனால் அது நாம் எண்ணும் வகையிலான வேட்டை அன்று. புலித்தோலுக்கும் காண்டாமிருகக் கொம்புக்கும் இருப்பதைப்போல உறுதியான, பெரிய சந்தை செம்பாண்டாத் தோலுக்கு இல்லை. சீனத்தின் யுன்னான் பகுதியில் மணமக்களுக்கு நலம் தரும் எனக் கருதி அதன் மயிரால் தொப்பி செய்யும் பழைய வழக்கம் இருந்தது. நேபாளத்திலோ, தோலோடு பிடிபடுபவர்களுள் பலர் வாங்குபவர் யாரென்றே அறியாத ஏழைக் கிராமத்தினர். எங்கோ ஒரு நகரில் ஒரு தோலுக்கு இலட்சக்கணக்கில் பணம் கிடைக்கும் என்ற செவிவழிச் செய்தியை நம்பித் தோலைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். வாங்குபவராக வேடமிட்ட காவலரிடம் சிக்குகிறார்கள். தேவையே இல்லாமல், விலை பற்றிய வதந்தி மட்டும் ஓர் உயிரினத்தைக் கொல்ல முடியும் என்பது நமது பாடநூல்களில் இல்லாத பாடம். இன்னொரு பகுதி உயிரிழப்பு கஸ்தூரி மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்த கண்ணிகளில் நேர்கிறது. கண்ணி வைத்தவருக்குச் செம்பாண்டாவால் எந்தப் பயனும் இல்லை.

ஆக, துப்பாக்கி ஏந்திய காவலரை மட்டும் நம்பி இவ்விலங்கைக் காக்க முடியாது. மேய்ச்சல், விறகு, கண்ணி, நாய் என எல்லாம் மலைக்கிராமத்தின் அன்றாட வாழ்வோடு பின்னிக் கிடக்கின்றன. அந்த வாழ்வை மாற்றச் சொல்லும்போது, அதற்கான செலவை யார் தலையில் கட்டுகிறோம்?

சிக்கிம் அரசு 1998-இல் காப்புக் காடுகளிலும் நீரூற்றுப் பகுதிகளிலும் மேய்ச்சலைத் தடை செய்தது. தொடர்ந்து வந்த ஆண்டுகளில் கஞ்சன்ஜங்கா தேசியப் பூங்காவிலிருந்தும் பர்சே ரோடோடென்ட்ரான் சரணாலயத்திலிருந்தும் மேய்ப்பர்கள் வெளியேற்றப்பட்டனர். காடு பல இடங்களில் மீண்டு தழைத்தது. இது மெய். தலைமுறை தலைமுறையாக மந்தையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் தொழிலை இழந்தன என்பதும் மெய். கஞ்சன்ஜங்கா 2016-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது நாடே பெருமை கொண்டது. அந்தப் பெருமைக்கான விலையில் பெரும்பங்கைச் செலுத்தியவர்களின் பெயர் விழா மேடையில் ஒலித்திருக்க வாய்ப்பில்லை. நான் தடையை எதிர்ப்பவன் அல்லன். இழப்பீடும் மாற்றுத் தொழிலும் முன்கூட்டியே வகுக்கப்படாத தடை, ஏழையிடம் வசூலிக்கும் வரி என்று மட்டும் சொல்கிறேன். அவ்வரியை வேறு எவரிடம் விதித்திருந்தாலும் நாம் நியாயமற்றது என்றிருப்போம்.

1968-இல் காரெட் ஹார்டின், பொதுவில் கிடக்கும் வளம் அனைவராலும் சுரண்டப்பட்டு அழியும். அதை அரசோ தனியாரோ கையகப்படுத்துவதே வழி என்று எழுதினார். அவர் சொன்ன எடுத்துக்காட்டும் மேய்ச்சல் நிலமே. அந்த வாதத்தை எலினோர் ஆஸ்ட்ரம் கள ஆய்வுகளால் மறுத்தார். பயன்படுத்தும் மக்களே விதிகளை வகுத்து, மீறுவோரைத் தண்டித்து, பல நூற்றாண்டுகள் பொதுவளத்தைக் காத்த ஊர்கள் உலகெங்கும் உண்டு என்று காட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற முதல் பெண் அவர். நேபாளத்து விவசாயிகள் நடத்திய பாசன முறைகள் அவர் விரிவாக ஆராய்ந்தவற்றுள் அடங்கும்.

அதே நேபாளம் 1993-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் மூலம் காடுகளைப் பயன்பாட்டுக் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று அத்தகைய குழுக்கள் 20,000-க்கும் மேல். செம்பாண்டாவுக்கு இது முக்கியமான செய்தி. ஏனெனில் நேபாளத்தில் அதன் வாழிடத்தில் சுமார் 70 விழுக்காடு தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் வெளியே உள்ளது. கிழக்கே தாப்லேஜங், பாஞ்ச்தர், இலாம் மாவட்டங்களில் உள்ளூர் மக்களே 'வனக் காவலர்'களாகப் பயிற்சி பெற்று, ஊதியத்துடன் காட்டைச் சுற்றி வருகிறார்கள், எச்சங்களையும் தடங்களையும் குறித்துக்கொள்கிறார்கள், கண்ணிகளை அகற்றுகிறார்கள். சென்ற தலைமுறையில் 'ஹாப்ரே' என்று தங்கள் மொழியில் பெயர் மட்டும் அறிந்திருந்த விலங்கு, இன்று சில குடும்பங்களுக்கு வருமானம். விருந்தினருக்கு வீட்டில் தங்க இடமளித்து, காட்டுக்குள் வழிகாட்டி, அதைக் காட்டிப் பணம் ஈட்டுகிறார்கள்.

அருணாசலத்திலும் இதற்கு இணை உண்டு. தவாங் மாவட்டத்தின் பாங்சென் பள்ளத்தாக்கில் மோன்பா மக்கள் தங்கள் நிலத்தைச் சமூகப் பாதுகாப்புப் பகுதியாகத் தாமே அறிவித்து, செம்பாண்டா வேட்டையைத் தடை செய்தனர். மேற்கு காமெங்கின் தெம்பாங் கிராமமும் இவ்வழியில் சென்றது. அருணாசலக் காடுகளில் பெரும்பகுதி நடைமுறையில் சமூகங்களின் ஆளுகையில் இருப்பதால், அங்கே வனத்துறையின் அறிவிப்புப் பலகையைவிட ஊர் மன்றத்தின் தீர்மானத்துக்கு வலிமை அதிகம்.

எல்லாவற்றையும் ஊராரிடம் விட்டுவிட்டால் போதும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. நீர்மின் திட்டமோ எல்லைச் சாலையோ வந்தால் ஊர் மன்றத்தின் தீர்மானம் எந்த அளவுக்கு நிற்கும் என்பது ஐயமே. சுற்றுலாவும் இருமுனைக் கத்தி. இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் எல்லையாக நீளும் சிங்கலீலா மலைமுகட்டில், 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்ஃபூவுக்கு ஆண்டுதோறும் பெருங்கூட்டம் ஏறுகிறது. கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்ட்டும் ஒருசேரத் தெரியும் இடம் அது. முகட்டின் இந்தியப் பக்கம் 78.6 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்கா. நேபாளப் பக்கம் விடுதிகள், வாகனங்கள். செம்பாண்டாவுக்கு எல்லைக் கல் தெரியாது. ஒரு பக்கம் மேய்ச்சல் தடையும் மறுபக்கம் மந்தையும் இருந்தால், இரு நாடுகளின் விதிகளும் பாதி வேலையைத்தான் செய்யும்.

சிங்கலீலாவில்தான் இந்தியாவின் மிகவும் பேசப்படும் முயற்சியும் நடக்கிறது. 1958-இல் டார்ஜீலிங்கில் தொடங்கப்பட்ட பத்மஜா நாயுடு இமயமலை உயிரியல் பூங்கா, செம்பாண்டாக்களை வளர்ப்பில் பெருக்குவதில் பெயர் பெற்றது. 2003-இல் அங்கு பிறந்த இரண்டு பெண் விலங்குகள் சிங்கலீலாவில் விடப்பட்டன. ஒன்று கொன்றுண்ணிக்கு இரையாயிற்று. மற்றொன்று காட்டிலிருந்த ஆணோடு இணைந்து குட்டி ஈன்றது. நீண்ட இடைவெளிக்குப் பின், 2022-க்கும் 2024-க்கும் இடையே மேலும் ஒன்பது செம்பாண்டாக்கள் விடப்பட்டன; ஏழு பெண், இரண்டு ஆண். உலக உயிரியல் பூங்காக்கள் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு விருதுக்கான இறுதிப் பட்டியலில் இத்திட்டம் இடம்பெற்றது.

அந்த அறிவியலாளர்களின் உழைப்பு போற்றத்தக்கது. எனினும் முதலீட்டின் வரிசையை நாம் கேள்வி கேட்க வேண்டும். வளர்ப்புத் திட்டம் காப்பீட்டைப் போன்றது. வீடு எரிந்தால் பணம் கிடைக்கும் என்பதற்காக அடுப்பை அணைக்காமல் விடுவதில்லை. விடப்படும் விலங்கு போய்ச் சேரும் காட்டில் முதிர்ந்த மரப்பொந்தும், மரத்தடியில் மூங்கிலும், அருகே நீரும் வேண்டும். டார்ஜீலிங் மலைகளில் ஆங்கிலேயர் காலத்தில் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து நட்ட 'தூப்பி' மரத் தோட்டங்கள் பல சரிவுகளை மூடிக் கிடக்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்ற காடு. உள்ளே நுழைந்தால் நிழல் கனத்துத் தரையில் அதிகம் எதுவும் முளைப்பதில்லை. செயற்கைக்கோள் படத்தில் இரண்டும் ஒரே பச்சை. செம்பாண்டாவுக்கு ஒன்று வீடு, மற்றொன்று பாலை.

பணம் இல்லை என்ற வாதத்தை ஏற்க இயலாது. பெரிய பாண்டாவின் கதை அதற்குச் சான்று. வெளிநாட்டு உயிரியல் பூங்காக்களுக்கு இரவலாக அளிக்கும் ஒரு இணைக்கு ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் டாலரைச் சீனம் பெற்றுவந்திருக்கிறது. 1998-க்குப் பிறகு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. சரிவு நிலங்களைக் காட்டுக்குத் திருப்பிய உழவர்களுக்குத் தானியமும் பணமும் கொடுத்தது. காப்பகங்களின் எண்ணிக்கை 67 ஆயிற்று. கடந்த கணக்கெடுப்பில் 1,864 பெரிய பாண்டாக்கள் காட்டில் இருந்தன. 2016-இல் அது 'அருகிவரும்' நிலையிலிருந்து ஒரு படி மேலேறியது. 2018-இல் வெளியான ஆய்வு ஒன்று, பாண்டாவுக்காகக் காக்கப்பட்ட காடுகள் தரும் நீர், மண்காப்பு முதலிய பயன்களின் மதிப்பு, காப்பதற்கான செலவைப்போல 10 முதல் 27 மடங்கு என்று கணக்கிட்டது. இத்தகைய கணக்குகளை நான் முழுவதுமாக நம்புபவன் அல்லன். ஊகங்களை மாற்றினால் விடையும் மாறும். அதன் கீழ் எல்லையில் பாதியை எடுத்துக்கொண்டாலும் முதலீடு இலாபகரமானதே.

கிழக்கு இமயமலைக்கும் இதே தருக்கம் பொருந்தும். செம்பாண்டா வாழும் மேகம் தவழும் காடுகள்தாம் நீரூற்றுகளின் தாய்மடி. டார்ஜீலிங் நகரமே செஞ்சல் வனத்தின் ஊற்றுகளை நம்பிக் குடிநீர் பெறுகிறது. ஆண்டுதோறும் கோடையில் தட்டுப்பாட்டில் தவிக்கிறது. 1967-இல் ஜான் குருட்டில்லா என்ற அமெரிக்கப் பொருளியலாளர், தாம் ஒருபோதும் நேரில் காணப்போகாத இயற்கைச் செல்வம் நிலைத்திருக்கிறது என்பதற்கே மனிதர் மதிப்பளிக்கிறார்கள் என்று வாதிட்டார். பின்னாளில் இது 'இருப்பு மதிப்பு' என்று பெயர் பெற்றது. செம்பாண்டாவுக்கு அந்த மதிப்பு ஏராளம். அதன் பெயர்களுள் ஒன்றான 'ஃபயர்ஃபாக்ஸ்' என்பதை ஓர் இணைய உலாவி தாங்கி நிற்கிறது. உலகெங்கும் குழந்தைகள் அதன் பொம்மையை அணைத்துத் தூங்குகிறார்கள். விருப்பம் இருக்கிறது, விருப்பத்தின் பின்னால் பணமும் இருக்கிறது. அது மேய்ப்பரின் குடில்வரை வந்து சேரும் வாய்க்கால்தான் இல்லை.

நமது அரசு நிதியிலும் அதே அடைப்பு. மாநிலங்களுக்கு வரி வருவாயைப் பங்கிடும்போது காட்டுப் பரப்பைக் கணக்கில் கொள்ளும் சிறந்த மரபை 14-ஆவது நிதிக்குழு தொடங்கியது. அதற்கு 7.5 விழுக்காடு எடை அளித்தது. 15-ஆவது நிதிக்குழு அதை 10 விழுக்காடாக உயர்த்தியது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காடாக உள்ள அருணாசலம் இதனால் பயன் பெற்றது. ஆனால் அந்தப் பணம் மாநிலக் கருவூலத்தின் பொது நீரோட்டத்தில் கலந்துவிடுகிறது. காட்டைக் காத்த பாங்சென் போன்ற ஊருக்கு அதில் இவ்வளவு பங்கு என்று எந்த விதியும் கிடையாது. காடு அழிப்புக்கு ஈடாக வசூலித்த தொகையில் 2019-இல் ரூ.47,436 கோடியை மத்திய அரசு மாநிலங்களுக்கு மாற்றியது. அந்த நிதியின் பெரும் நோக்கம் மரம் நடுதல். நூறாண்டு முதிர்ந்த மரத்தின் பொந்தை எந்த நாற்றங்காலில் வளர்ப்பது?

என் யோசனை எளிது. நிதிக்குழு வழியே காட்டுக்காகக் கிடைக்கும் தொகையில் ஒரு சிறு விழுக்காட்டை, சிக்கிமும் அருணாசலமும் மேற்கு வங்கமும், காட்டை ஒட்டிய கிராம மன்றங்களுக்கு நேரடியாக வழங்கலாம். மூங்கில் மீண்டிருக்கிறதா, கண்ணிகள் குறைந்தனவா, ஈனும் மாதங்களில் மந்தைகள் விலகி நின்றனவா என்பதை உள்ளூர்க் காவலரும் வெளி ஆய்வாளரும் சேர்ந்து பதிவு செய்து, அதன் அடிப்படையில் தொகையைக் கூட்டலாம், குறைக்கலாம். முறைகேட்டுக்கு இடமுண்டு, அறிவேன். கிராமத்தில் செல்வாக்குள்ளவர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு, நிலமற்ற மேய்ப்பர் வெறுங்கையோடு நிற்பதும் நடக்கும். எனவே பெறுவோர் பட்டியலில் மந்தை வைத்திருந்த குடும்பங்களின் பெயர் முதலில் வர வேண்டும் என்பதை விதியிலேயே எழுத வேண்டும். பாலாடைத் தொழிலையும் மூடத் தேவையில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூங்கில் காட்டை விட்டு விலகியிருக்கும் மந்தையின் பாலுக்குக் கூடுதல் விலை கொடுத்தால் போதும். பயணிகள் அதைச் சற்றுக் கூடுதல் விலைக்கு வாங்க மாட்டார்கள் என்று நான் நம்பவில்லை.

இவையெல்லாம் நிறைவேற ஆண்டுகள் ஆகும். காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது. மலையேற்றப் பாதைகளின் விடுதிகள், இராணுவ முகாம்கள், மேய்ச்சல் பட்டிகள் ஆகியவற்றைச் சுற்றித் திரியும் நாய்கள் செம்பாண்டாவைக் கடித்துக் கொல்வதோடு, 'டிஸ்டெம்பர்' என்ற வைரஸ் நோயையும் பரப்புகின்றன. அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் செம்பாண்டாவுக்கு அறவே குறைவு. வலுக்குறைத்த உயிர்த் தடுப்பூசியே சில பூங்காக்களில் அதற்கு எமனாகியிருக்கிறது. ஆகவே ஊசியை நாய்க்குத்தான் போட வேண்டும். கிழக்கு நேபாளத்தில் இத்தகைய முகாம்கள் நடந்துள்ளன. கால்நடை மருத்துவர் ஒருவர், உதவியாளர் இருவர், குளிர்பெட்டியில் தடுப்பூசிகள், கருத்தடைக்கான எளிய கருவிகள், ஒரு ஜீப். சந்தக்ஃபூ பாதையில் உள்ள குடியிருப்புகளை அடுத்த மலையேற்றப் பருவம் தொடங்கும் முன்பே முடித்துவிடலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதிக்குழுவின் பரிந்துரையும் வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் கையெழுத்து ஒன்று போதும்.